இரைச்சலுக்குள் என்ன இருக்கிறது? இண்டஸ்ட்ரியல், போஸ்ட்-பங்க், எக்ஸ்பெரிமென்டல் எலக்ட்ரானிக் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இசைக்கலைஞன் இல்லை, கேட்பவன். இந்த வகை இசையை யாருக்குப் போட்டுக் காட்டினாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே, எளிதானவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை தொகுத்திருக்கிறேன். எது நல்லது, எது தேறாது என்பதெல்லாம் என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அதுவும் சரிதான்.

இண்டஸ்ட்ரியல், போஸ்ட்-பங்க், எக்ஸ்பெரிமென்டல் எலக்ட்ரானிக்... இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

வேறு வேறுதான். ஆனால் ஆட்களும் ஊர்களும் கருவிகளும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால் பிரித்துப் பார்ப்பது சிரமம்.

போஸ்ட்-பங்க் என்பது 1976-77-ல் பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் அலை அடித்து ஓய்ந்ததும் வந்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும், வேலைதான் மாறிவிடும். பேஸ் கிட்டார் முன்னால் வந்து மெட்டை எடுத்துக்கொள்ளும், கிட்டார் ஓரமாக நின்று கீறிக்கொண்டிருக்கும். இண்டஸ்ட்ரியல் என்ற பெயர், லண்டனில் த்ராபிங் கிரிஸ்ல் குழு 1976-ல் தொடங்கிய 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்திலிருந்து வந்தது. டேப், வீட்டிலேயே செய்த மின்கருவிகள், பழைய இரும்பு என்று கையில் கிடைத்ததை வைத்துச் செய்த இசை அது. மூன்றாவது இந்த இரண்டுக்கும் மூத்தது. பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் 1948-ல் செய்த சோதனைகளிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இதுல பாட்டு எங்க இருக்கு? வெறும் சத்தம்தானே?

பல நேரங்களில் பாட்டு இல்லை, உண்மைதான். மெட்டைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மெட்டுக்குப் பதிலாக வேறு மூன்றைக் கவனித்துப் பாருங்கள்: அந்த ஒலி எந்த மாதிரி இடத்தில் எழுகிறது, அதன் மேற்பரப்பு எப்படி இருக்கிறது, எப்போது மாறுகிறது.

ஷேஃபர் பாரிஸின் பாட்டினோல் ரயில் நிலையத்துக்குப் போய் நீராவி எஞ்சின்களின் ஒலியைத் தட்டில் பதிந்துகொண்டு வந்தார். அதைத் துண்டு துண்டாக்கி, சிலவற்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுமார் மூன்று நிமிடத் துண்டு ஒன்றை உருவாக்கினார். அதைக் கேட்டால் முதலில் ரயில் கேட்கும். ஒரே துண்டு நாலைந்து முறை திரும்பி வந்ததும் ரயில் மறைந்து தாளம் மட்டும் நிற்கும். அந்த நொடியைக் காது பிடித்துவிட்டால் போதும், இந்தப் பக்கத்தில் வரும் மற்ற எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடும்.

சரி, முதல்ல எதைக் கேக்கறது?

கடினமானதில் தொடங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பதில் பெருமை ஒன்றும் இல்லை. ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம், 1979. அப்புறம் அதே ஆண்டு வந்த த்ராபிங் கிரிஸ்லின் '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்'. பெயரைப் பார்த்து ஜாஸ் என்று நினைக்க வேண்டாம். அட்டையில் நால்வரும் கடலோரப் புல்வெளியில் நல்ல பிள்ளைகளாக நிற்கிறார்கள், நிற்கும் இடம் பீச்சி ஹெட், தற்கொலைகளுக்குப் பேர்போன செங்குத்துப் பாறை. அடுத்து கேபரே வால்டேரின் 'ரெட் மெக்கா', 1981. இந்த மூன்றிலும் பிடித்துக்கொள்ளத் தாளம் இருக்கிறது.

மூன்றும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வேறு நல்ல இசை நிறைய இருக்கிறது.

மொபைல்ல போட்டுக் கேட்டேன், எதுவுமே இல்லாத மாதிரி இருக்கே?

மொபைல் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் வெளியே வருவதே இல்லை. இந்த இசையில் பாதி அங்கேதான் இருக்கிறது. பின்லாந்தின் பான் சோனிக் இருவரும் செய்ததை மொபைலில் கேட்டால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். நல்ல ஸ்பீக்கரில் போட்டால் அதற்கு அடியில் ஓர் அலை எழுந்து அறையின் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போகும். சுமாரான ஹெட்போன் இருந்தாலும் போதும்.

ஒரு வேண்டுகோள்: சத்தத்தைக் குறைத்து வைத்தே தொடங்குங்கள். சில ஆல்பங்களில் அமைதியான பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். காது போனால் திரும்பி வராது.

எல்லாமே இங்கிலாந்து, ஜெர்மனின்னே வருதே, அங்க அப்ப என்ன நடந்துச்சு?

அமெரிக்காவும் உண்டு. கிளீவ்லாந்தில் பெரே உபு 1975-லேயே தொடங்கிவிட்டது, நியூயார்க்கில் சூசைட் அதற்கும் முன்னால். ஆனால் ஷெஃபீல்டு, மான்செஸ்டர், லண்டன், மேற்கு பெர்லின் ஆகியவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. ஆலைகளும் கிடங்குகளும் மூடிக்கொண்டிருந்தன, காலி இடம் மலிவாகக் கிடைத்தது, வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு உதவித்தொகை இருந்தது. பயிற்சிக்கு அறை, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், கையில் நிறைய நேரம். மேற்கு பெர்லின்வாசிகளுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது, அதனாலேயே ஜெர்மனியின் மற்ற ஊர்களிலிருந்து பிள்ளைகள் அங்கே வந்து குவிந்தார்கள்.

ஷெஃபீல்டு எஃகு நகரம். கேபரே வால்டேர் அங்கே 1973-ல் ஒரு வீட்டுப் பரணில், டேப் ரெக்கார்டரோடு தொடங்கியது. மூவரில் ஒருவரான கிறிஸ் வாட்சன் தொலைபேசித் துறைப் பொறியாளர். அவர் 1981-ல் குழுவை விட்டுத் தொலைக்காட்சியில் ஒலிப்பதிவாளராகச் சேர்ந்தார், பிறகு டேவிட் ஆட்டன்பரோவின் வனவிலங்குத் தொடர்களுக்கு ஒலி பதிந்தார். திசை மாறிப் போனார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரணில் டேப்பை ஓடவிட்டவரும், காட்டில் மைக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். 2011-ல் மெக்சிகோவின் நின்றுபோன ரயில் பாதை ஒன்றின் ஒலிகளை வைத்து ஓர் ஆல்பம் செய்தார். ஷேஃபரிலிருந்து நேர்க்கோட்டில் வருவது அது.

த்ராபிங் கிரிஸ்லைத் தூக்கி வச்சுப் பேசறீங்க. கேட்டா ரெக்கார்டிங்கே மோசமா இருக்கு.

முதல் ஆல்பம் நிஜமாகவே கரடுமுரடு. 1977-ல் வெறும் 785 பிரதிகள் அச்சிட்டார்கள். அதில் தொடங்க வேண்டாம் என்றுதான் மேலே வேறொன்றைச் சொன்னேன். இவர்கள் பெயர் வெளியே தெரிந்தது இசையால்கூட அல்ல. 1976 அக்டோபரில் லண்டன் ஐசிஏ கலை அரங்கில் நடத்திய கண்காட்சியைப் பார்த்துக் கொதித்த கன்சர்வேட்டிவ் எம்பி நிக்கோலஸ் ஃபேர்பெர்ன், இவர்கள் நாகரிகத்தையே நாசமாக்குகிறவர்கள் என்றார். அந்த ஒரு வசையே அவர்களுக்கு விளம்பரமாகிவிட்டது.

அந்த அமளியெல்லாம் இன்றைக்குப் பழைய செய்தி. இன்றும் நிற்பது ஒலி. குழுவில் கிறிஸ் கார்ட்டர் மின்னணுக் கருவிகளைத் தானே கட்டுவார். 'கிரிஸ்லைசர்' என்ற, ஒலியை உருமாற்றும் எஃபெக்ட் பெட்டி அவர் கைவண்ணம். குழுவின் இன்னொருவரான பீட்டர் கிறிஸ்டோபர்சனுக்காகப் பல கேசட் பிளேயர்களை ஒரு சின்ன கீபோர்டோடு இணைத்துக் கொடுத்தார். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு கேசட் பேசும். கடையில் சாம்பிளர் (பதிந்த ஒலியைக் கட்டையில் வாசிக்கும் கருவி) வாங்கும் வசதி வருவதற்கு முன்பே இது நடந்தது.

1978 ஆல்பத்தில் 'ஹாம்பர்கர் லேடி' என்று ஒரு துண்டு உண்டு. தீயில் வெந்துபோன ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியரின் கடிதம் அதன் வரிகள். குழுவின் பாடகர் ஜெனசிஸ் பி-ஓரிட்ஜின் குரல் எஃபெக்ட் பெட்டியில் புகுந்து துடிதுடித்து வருவதால் வார்த்தைகளில் பாதி பிடிபடாது. கீழே ஓர் இதயத்துடிப்பு. நடுநடுவே தூரத்து ஆம்புலன்ஸ் போல ஒன்று வளைந்து போகும். கத்தல் இல்லை, கூச்சல் இல்லை. பக்கத்து வார்டில் படுத்துக்கொண்டு கேட்பது போலிருக்கும். இதைத்தான் நான் சாதனை என்கிறேன். மோசமான ரெக்கார்டிங் என்று நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி, அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த மங்கல்.

இரும்பைத் தட்டறது, டிரில் போடறது... இதெல்லாம் இசையா?

ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பாவ்டன் பற்றிக் கேட்கிறீர்கள். 1980-ல் மேற்கு பெர்லினில் தொடங்கிய குழு. இதன் தாளக்காரர் உன்ரு, காசில்லாமல் டிரம்ஸை விற்றுவிட்டுப் பழைய இரும்பைத் தட்டத் தொடங்கினார் என்று சொல்வார்கள். ஆரம்பத்திலேயே நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் உள்ளே இருந்த குறுகலான வெளியில் புகுந்து, அதன் எஃகுச் சுவர்களைத் தட்டி ஒலிப்பதிவு செய்தார்கள். 1984 ஜனவரி 3 அன்று லண்டன் ஐசிஏ மேடையில் டிரில்லும் ரம்பமும் வைத்து மேடையையே குடைந்தபோது நிர்வாகம் நிகழ்ச்சியை நிறுத்தியது.

கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் குழுவின் பெருமை அங்கே இல்லை. எஃகுத் தகட்டுக்கு ஒரு சுருதி, ஸ்பிரிங்குக்கு ஒன்று, பிளாஸ்டிக் குழாய்க்கு ஒன்று என்று பொருள் பொருளாகக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் காது அவர்களுடையது. 1985 ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் இரும்பே கிட்டத்தட்ட கிடையாது, குரல்கள் மட்டும் தாளமாக அடுக்கப்பட்டிருக்கும். 2000-ல் வந்த 'சைலன்ஸ் இஸ் செக்ஸி' பாடலில் குழுவின் பாடகர் பிலிக்ஸா பார்கெல்ட் ஒரு சிகரெட்டை இழுக்கிறார். புகையிலை நுனி பொரியும் அந்த மெல்லிய சடசடப்பு பாட்டின் ஒரு வாத்தியமாகவே ஆகிவிடுகிறது. மேடையை டிரில் போட்டவர்கள் பதினாறு வருடத்தில் வந்து சேர்ந்த இடம் அது. ஆரம்பகால ஆவேசத்தைவிட இந்தப் பிற்காலத்தையே நான் அதிகம் மதிக்கிறேன், தீவிர ரசிகர்கள் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

போஸ்ட்-பங்க்னா ஜாய் டிவிஷன்தானே?

அவர்கள் வாசல். வீடு பெரிது. ஜாய் டிவிஷனையே எடுத்துக்கொண்டாலும், ஆல்பத்தில் நீங்கள் கேட்கும் அந்தக் குளிர்ந்த வெற்றிடம் குழு மேடையில் வாசித்தது அல்ல, தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டின் வேலை. டிரம்ஸின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிந்தார், ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும், புதிதாக வந்திருந்த டிஜிட்டல் டிலே கருவியில் போட்டு இடைவெளிகளை விரித்தார். ஸ்டுடியோ கட்டடத்தின் பழைய லிஃப்ட் ஏறும் ஓசை ஒரு பாடலின் தொடக்கத்தில் இருக்கிறது. 'ஷீ'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' பாடலில் ஸ்ஸ் ஸ்ஸ் என்று வருவது ஸ்பிரே டப்பா. முடிந்த ஆல்பம் குழுவினருக்கே அப்போது முழுதாகப் பிடிக்கவில்லை.

அடுத்து பப்ளிக் இமேஜ் லிமிடெட்டின் 'மெட்டல் பாக்ஸ்', 1979. வட்டமான தகர டப்பாவுக்குள் 45 வேகத்தில் ஓடும் மூன்று பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுகள். வேகத்தைக் கூட்டி, பக்கத்துக்குக் குறைவான பாட்டு வைத்ததால் பேஸ் அகலமாக வந்து உட்கார்ந்தது. ஜா வாபிளின் அந்த பேஸ் எங்கிருந்து வந்தது என்றால் ஜமைக்காவிலிருந்து. லண்டனில் குடியேறிய கரீபிய மக்களின் ரெக்கே இசையும், அதைப் பிரித்து எதிரொலியோடு மறுபடி கலக்கும் டப் இசையும் இல்லாமல் போஸ்ட்-பங்க் இல்லை. தி ஸ்லிட்ஸ் பெண்களின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் பார்படோஸில் பிறந்த டென்னிஸ் போவெல். போஸ்ட்-பங்கை வெள்ளைக்கார இளைஞர்களின் சோகமாக மட்டும் சொல்கிறவர்கள் இந்தக் கடனை மறந்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

யாரும் அதிகம் பேசாத, ஆனா கட்டாயம் கேக்க வேண்டியது ஒண்ணு சொல்லுங்க.

திஸ் ஹீட். யோசிக்கவே வேண்டியதில்லை.

லண்டன் பிரிக்ஸ்டனில் இறைச்சி சேமித்து வைத்த பழைய குளிர்க்கிடங்கு ஒன்றைப் பிடித்து 'கோல்ட் ஸ்டோரேஜ்' என்ற ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்ட மூவர்: சார்லஸ் ஹேவர்ட், சார்லஸ் புல்லன், கேரத் வில்லியம்ஸ். இதில் வில்லியம்ஸுக்குச் சேரும்போது எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மூவரும் வாசித்ததையெல்லாம் டேப்பில் பதிந்துவைத்து, அதிலிருந்து துண்டுகளை எடுத்து மறுபடி வாசித்து, வருடக்கணக்கில் செதுக்கினார்கள். முதல் ஆல்பத்தில் ஒரு டிரம்ஸ் துண்டை லூப்பாக்கி (திரும்பத் திரும்ப ஓடவிட்டு), ஸ்டுடியோ மேஜையிலேயே அதன் சுருதியை ஏற்றி இறக்கி விளையாடியிருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து லண்டன் நடன அரங்குகளில் வந்த ஜங்கிள் என்ற வேகமான மின்னணு நடன இசையை அது அப்படியே முன்னறிவிக்கிறது. இரண்டாவது ஆல்பம் 'டிசீட்', 1981, அணு ஆயுத பயத்தில் பிறந்தது. ஒரு பாடல் முழுக்க அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் வாசகங்களையே பாடுவார்கள். கோபமாக அல்ல, ஏறக்குறைய மந்திரம் ஓதுவது போல.

இரண்டு ஆல்பங்களோடு முடிந்தது. வில்லியம்ஸ் குழுவை விட்டுக் கதகளி கற்க இந்தியா வந்தார்.

நைன் இஞ்ச் நெய்ல்ஸ், ராம்ஸ்டைன்தான் இண்டஸ்ட்ரியல்னு நினைச்சேனே?

அவை அந்தக் கிளையின் பிற்கால, பெரிய மேடைக் காய்ப்பு. நடுவில் பெல்ஜியத்தின் ஃப்ரன்ட் 242, கனடாவின் ஸ்கின்னி பப்பி, சிகாகோவின் மினிஸ்ட்ரி எல்லாம் வருகின்றன. நைன் இஞ்ச் நெய்ல்ஸின் ட்ரெண்ட் ரெஸ்னர் இந்த மூதாதையரை நன்றாக அறிந்தவர். த்ராபிங் கிரிஸ்லின் கிறிஸ்டோபர்சன் பின்னாளில் நடத்திய காயில் குழுவிடம் தன் பாடல்களைக் கொடுத்து ரீமிக்ஸ் செய்ய வைத்தார். 'தி டவுன்வேர்ட் ஸ்பைரல்' (1994) தைரியமான ஆல்பம்தான். ராம்ஸ்டைன் எனக்கு மேடைக் காட்சி, ஒலியில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மெர்ஸ்போ மாதிரி ஒரு மணி நேரம் வெறும் இரைச்சல்... அதை எதுக்குக் கேக்கணும்?

டோக்கியோவின் மசாமி அகிதா 1979-லிருந்து மெர்ஸ்போ என்ற பெயரில் இயங்குகிறார். நூற்றுக்கணக்கில் வெளியீடுகள். 2000-ல் வந்த ஒரு தொகுப்பில் மட்டும் 50 சிடிகள். எல்லாவற்றையும் கேட்க யாரும் எதிர்பார்க்கவில்லை.

'பல்ஸ் டீமன்' (1996) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நிமிடம் சுவராக இருக்கும். பிறகு சுவரில் இழைகள் தெரியும்: ஓர் இழை உறுமுகிறது, இன்னொன்று நீர் போலக் கொப்புளிக்கிறது, மூன்றாவது திடீரென அறுந்துபோகிறது. இரண்டாவது பதிலில் சொன்ன மேற்பரப்பு இதுதான். எல்லா நேரமும் கேட்க முடியாது, நானும் கேட்பதில்லை. கேட்டு முடித்ததும் அறையின் நிசப்தம் வேறு மாதிரி இருக்கும், அதற்காகவே எப்போதாவது போடுகிறேன்.

ஒரே சுருதியை முக்கால் மணி நேரம் இழுக்கறாங்களே, போரடிக்காதா?

எலியான் ராடிக்கைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் காதுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. கச்சேரிக்கு முன் தம்பூராவை மட்டும் ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறீர்களா? நாலே தந்தி, ஆனால் மேலே மேலே வேறு ஸ்வரங்கள் எழுந்து மிதக்கும். ராடிக் அந்த மிதப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மாற்றத்தைக் காது பிடிக்க முடியாத அளவுக்கு மெதுவாக்கினார்.

அவர் 1932-ல் பாரிஸில் பிறந்தவர், ஷேஃபரிடமும் பியர் ஆன்ரியிடமும் பயின்றவர். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஏஆர்பி 2500 சிந்தசைசர் (மின்னணுவால் ஒலி உண்டாக்கும் கருவி) வாங்கியபோது கீபோர்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கட்டை இருந்தால் விரல் மெட்டுக்குப் போய்விடும் என்பதால். அவருடைய 'த்ரிலஜி த லா மோர்' மூன்று பாகம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். திபெத்திய பௌத்தத்தைத் தழுவியவர் மரணத்தைப் பற்றிச் செய்தது. செய்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய மகன் விபத்தில் இறந்தார். அழுகையோ ஒப்பாரியோ எதுவும் அதில் இல்லை. ஓர் ஒலி இன்னொன்றாக ஆகிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆட்டெக்கர் கேட்டா தாளமே பிடிபட மாட்டேங்குது. வேணும்னே பண்றாங்களா?

ஆமாம், ஒருமுறை சட்டத்தை எதிர்த்தே பண்ணினார்கள். 1994-ல் பிரிட்டிஷ் அரசு திறந்தவெளி நடன விருந்துகளைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் சட்டம் கொண்டுவந்தது. அதில் இசை என்பதற்கு, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள் கொண்ட ஒலி என்ற வரையறையும் இருந்தது. ஆட்டெக்கர் என்பது இங்கிலாந்தின் ராச்டேலைச் சேர்ந்த ஷான் பூத், ராப் பிரவுன் இருவர்தான்; அவர்கள் அதே ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டில், இரண்டு ஆவர்த்தனம் ஒன்றுபோல வராத ஒரு பாடலை வைத்தார்கள். அட்டையில் ஒட்டிய குறிப்பில், இதைப் போடும்போது பக்கத்தில் ஒரு வக்கீலையும் இசை அறிஞரையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதிசயம் என்னவென்றால் அந்தப் பாடலுக்கு நன்றாகவே ஆடலாம்.

பிற்கால ஆல்பங்களில் அவர்களே எழுதிய கணினி நிரல்கள் வாசிக்கின்றன. அங்கே ஒன்று, இரண்டு என்று எண்ணாதீர்கள்.

இந்தியாவுல, இல்ல தமிழர்கள்ல யாராவது இதைத் தொட்டிருக்காங்களா?

தொட்டிருக்கிறார்கள், அதுவும் சீக்கிரமே. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். சில ஆண்டுகள் கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் அங்கே டேப்பில் சோதனை செய்தார்கள். அந்த டேப்புகள் பல பத்தாண்டுகள் கிடந்து, 2023-ல்தான் ஆல்பமாக வெளிவந்தன. பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 பேஸ் கருவியையும் டிஆர்-808 தாளக் கருவியையும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அதே 303-ஐ வைத்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது சில ஆண்டுகள் கழித்து. அவர் அதைத் திட்டமிட்டு முந்தினார் என்று சொல்ல மாட்டேன். ராகத்தில் வழுக்கிப் போகும் கமகத்துக்கு அந்தக் கருவி ஒத்துவந்தது.

தமிழர் என்றால் மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. ஈழத்தமிழ்க் குடும்பம், லண்டன் வாழ்க்கை. 2010-ல் வந்த 'பார்ன் ஃப்ரீ' பாடலின் அடித்தளமே மேலே சொன்ன சூசைட் குழுவின் 1977 பாடல் ஒன்றின் துண்டுதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதை அவர் பாடியபோது சூசைடின் மார்ட்டின் ரெவ்வே வந்து கீபோர்டு வாசித்தார். போரின் நினைவை அந்த முரட்டு ஆர்கன் ஒலிமேல் ஏற்றியது பொருத்தமான தேர்வு.

மனசைத் தொடற மாதிரி ஏதாவது இருக்கா, இல்ல எல்லாமே ஜில்லுனுதான் இருக்குமா?

ராடிக்கைப் பற்றிச் சொன்னேன். இன்னொன்று, காயில். ஜான் பேலன்ஸும் கிறிஸ்டோபர்சனும் வாழ்க்கைத் துணைவர்கள். எய்ட்ஸ் லண்டனின் ஓரினச் சேர்க்கையாளர்களைக் கொன்றுகொண்டிருந்த 1985-ல், சாஃப்ட் செல் குழு நான்கு வருடம் முன் ஹிட்டாக்கிய 'டெயின்டட் லவ்' என்ற துள்ளல் பாட்டை எடுத்து, சவ ஊர்வல வேகத்துக்கு இறக்கினார்கள். காதல் முறிவுப் பாட்டு அப்படியே நோயின் பாட்டாகிவிடுகிறது, ஒரு வரியைக்கூட மாற்றாமல். கிடைத்த பணம் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. எய்ட்ஸ் நிதிக்காக வந்த முதல் இசைத்தட்டுகளில் ஒன்று அது.

நாஜி சின்னம், கொலைகாரன் போட்டோ, வதைமுகாம்... இதையெல்லாம் எப்படி ரசிக்கறீங்க?

ரசிக்கவில்லை. இதில் மழுப்பக் கூடாது. ஜாய் டிவிஷன் என்ற பெயரே வதைமுகாமில் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பகுதிக்கு ஒரு நாவலில் வந்த பெயர். இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் சின்னம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படம். ஒயிட்ஹவுஸ் குழு 1981-ல் ஒரு முழு ஆல்பத்தையும் ஒரு தொடர் கொலைகாரனுக்குச் சமர்ப்பித்தது. போருக்குப் பின் பிறந்த தலைமுறை, பெற்றோர் பேச மறுத்ததைத் தோண்டி எடுத்துக் காட்டியது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். த்ராபிங் கிரிஸ்ல் விஷயத்தில் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அவர்கள் அதிகாரம் எப்படி ஒலிக்கும் என்று ஆராய்ந்தார்கள். ஆனால் அத்தனை பேர் செத்த இடத்தின் படம் ஒரு கம்பெனியின் சின்னமாக இருக்க எந்த விளக்கமும் போதாது.

ஸ்லோவேனியாவின் லைபாக் வேறு. சுரங்க நகரமான டிர்பாவ்லியேயில் 1980-ல் தொடங்கியவர்கள், சீருடை, முரசு, பேச்சு என்று சர்வாதிகாரத்தின் சடங்கைச் சிரிக்காமல் அப்படியே நடத்திக் காட்டினார்கள். யூகோஸ்லாவிய அரசு அந்தப் பெயரில் நிகழ்ச்சி நடத்தவே சில ஆண்டுகள் தடைபோட்டது. பாப் கச்சேரிக் கூட்டமும் அரசியல் கூட்டமும் எவ்வளவு நெருக்கம் என்பதை உடம்பில் உணரவைக்கிறார்கள். அங்கே சின்னம் ஒரு வேலை செய்கிறது. ஒயிட்ஹவுஸில் அது அதிர்ச்சிக்காக மட்டும் நிற்கிறது, அதிர்ச்சி வடிந்தபின் கேட்க ஒன்றுமில்லை.

இதே கருவிகளோடு இன்னொரு பாதையும் இருந்தது. லண்டனின் டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழு 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சவுத் வேல்ஸ் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து ஆல்பம் வெளியிட்டது. இரும்பைத் தட்டியவர்கள், இரும்போடும் நிலக்கரியோடும் உழைத்தவர்கள் பக்கத்தில் போய் நின்றார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

பண்ணினவர் மோசமான ஆளுன்னு தெரிஞ்ச பிறகும் கேக்கலாமா?

த்ராபிங் கிரிஸ்லை வைத்துத்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் வருகிறது. குழுவின் நால்வரில் ஒருவரான கோஸி ஃபேனி டூட்டி 2017-ல் வெளியிட்ட தன்வரலாற்றில், ஜெனசிஸ் பி-ஓரிட்ஜ் தன்னைக் கொடுமைப்படுத்தியதாக எழுதினார். ஜெனசிஸ் மறுத்தார், 2020-ல் இறந்தார். எனக்கு கோஸியின் எழுத்து நம்பும்படியாக இருக்கிறது.

இதற்காக ஆல்பங்களைத் தூக்கிப் போட்டால் கோஸியின் வேலையும் சேர்ந்து போகும். இத்தனை வருடம் அந்தக் குழுவை ஜெனசிஸின் குழு என்றே பேசிவந்தோம். கோஸியின் கிட்டாரையும் கார்னெட்டையும் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி), கார்ட்டரின் பெட்டிகளையும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள், யார் எதைச் செய்தார்கள் என்று தெரியும். கோஸியும் கார்ட்டரும் 1981-க்குப் பின் இருவராகச் செய்த ஆல்பங்களையும் தேடுங்கள். முழுவதுமாக ஒதுக்க விரும்புகிறவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

நாப்பது அம்பது வருஷம் ஆச்சு. இப்ப யாராவது புதுசா பண்றாங்களா, இல்ல அதையே அரைக்கறாங்களா?

அரைப்பதுதான் அதிகம். புகை, கறுப்பு உடை, பழைய ஆலையின் படம், உறுமும் பேஸ் எல்லாம் இப்போது ரெடிமேடாகக் கிடைக்கின்றன. ஆலையே பார்க்காதவர்கள் ஆலை ஒலி செய்வது தப்பில்லை. ஆனால் தன்னிடம் இருக்கும் ஒலியை விட்டுவிட்டு அடுத்தவர் ஒலியைப் போட்டுக்கொள்வது கேட்டவுடனே தெரிந்துவிடும்.

நியூயார்க்கின் மார்கரெட் சார்டியே, ஃபார்மகான் என்ற பெயரில் செய்பவர். 2014-ல் அவர் வெளியிட்ட ஆல்பம், கட்டி ஒன்றால் திடீரென அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தபின் பிறந்தது. உடம்பு தன்னை மீறிப் போய்விட்ட பயத்தை மூச்சு, இருமல், குமட்டல், அலறல் என்று உடம்பின் ஒலிகளாலேயே செய்திருக்கிறார். அதிர்ச்சிதான், ஆனால் ஒயிட்ஹவுஸ் பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தாது. இங்கே அடிபட்டவரே பேசுகிறார். நேர் எதிர்ப் பக்கத்தில் காலி மலோன் 2019-ல் வெளியிட்ட பைப் ஆர்கன் ஆல்பம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம், மெதுவாக நகரும் சுருதிகள், குழலுக்குள் காற்று நுழையும் ஓசைகூட மைக்கில் விழுகிறது. ராடிக் பிடித்தவர்கள் இதில் தொடங்கலாம், த்ராபிங் கிரிஸ்ல் பிடித்தவர்கள் ஃபார்மகானில். இரண்டையும் ஒரே மாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.